பெட்ரோல் பிரஷ் கட்டரா, கரண்ட் மிஷினா? தோப்புக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரு கணக்கு

பருவமழை ஓய்ந்து தை பிறக்கும்போது தென்னந்தோப்பில் முழங்காலுக்கு மேல் களை நிற்கும். பார்த்தீனியமும் நாயுருவியும் தண்டு முற்றியிருக்கும், அடியில் கோரையும் அறுகும் பின்னிக் கிடக்கும், சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பதே தெரியாது. அந்த அவசரத்தில் கடைக்குப் போய் "எத்தனை சிசி, என்ன விலை" என்று மட்டும் கேட்டு வாங்கிய, களை வெட்டும் பிரஷ் கட்டர் மிஷின்கள்தான் பல மோட்டார் ரூம்களில் மூலையில் சாய்ந்து கிடக்கின்றன. வீட்டைச் சுற்றி நாலு சென்ட் புல் உள்ளவர் 52 சிசி டூ ஸ்ட்ரோக் வாங்குகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலி கண்டு, அப்படியே விட்டுவிடுகிறார். இரண்டு ஏக்கர் தோப்பு உள்ளவர் வீடியோவில் பார்த்த பேட்டரி மிஷினை வாங்குகிறார். ஒரு வரிசை முடிவதற்குள் சார்ஜ் தீர்ந்து வீட்டுக்குத் திரும்புகிறார்.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். வெட்டப்போகும் களையின் தண்டு எவ்வளவு தடிமன்? ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் வெட்ட வேண்டும்? ஒருமுறை வெட்டியபின் அடுத்த முறை வரை மிஷின் எத்தனை வாரம் சும்மா கிடக்கும்? முதல் இரண்டையும் எல்லோரும் ஓரளவு யோசிக்கிறார்கள். மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெட்ரோல் மிஷின் ஓடிக் கெட்டதைவிடச் சும்மா கிடந்து கெட்டதுதான் அதிகம் என்பதால், பாதி முடிவு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை பேட்டரி?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. யூனிட் என்பது கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். கையில் பிடிக்கும் சின்ன எஞ்சின் அதில் ஆறில் ஒரு பங்கை பிளேடுவரை கொண்டுவந்தாலே நல்ல எஞ்சின். மீதியெல்லாம் சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஆக, ஒரு லிட்டருக்கு வெட்டும் முனையில் கிடைப்பது ஒன்றரை யூனிட், அதாவது 1,500 வாட் அவர்.

இனி பேட்டரிப் பக்கம் வருவோம். வோல்ட்டையும் ஏஎச் (ஆம்பியர் அவர்) எண்ணையும் பெருக்கினால் வாட் அவர் வரும். 36 வோல்ட், 5 ஏஎச் பேட்டரி என்றால் 180 வாட் அவர். மோட்டார் திறமையானது, 100க்கு 80, 85 பங்கை வேலையாக மாற்றும். ஆகவே முனையில் கிடைப்பது 150 வாட் அவர். ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய இப்படிப்பட்ட பத்து பேட்டரி வேண்டும்.

செலவைப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. பத்து முறை சார்ஜ் ஏற்ற, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 2 யூனிட்டுக்குச் சற்று மேல் போகும். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் இருபது ரூபாய்தான் ஆகிறது. அதே வேலைக்குப் பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி வரும், டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் காசு தனி. ஓட்டும் செலவில் கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் பெட்ரோல் நிரப்ப இரண்டு நிமிடம் போதும். 180 வாட் அவர் பேட்டரிக்குச் சார்ஜரைப் பொறுத்து முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை காத்திருக்க வேண்டும்.

வயலில் இது எப்படி இருக்கும் என்றால், இளம் புல்லை நைலான் வயரால் வெட்ட மோட்டார் 300 முதல் 400 வாட் இழுக்கும். அந்தப் பேட்டரி 25 நிமிடத்துக்குக் குறையாமல் வரும். முற்றிய களைக்குள் விட்டால் 700, 800 வாட் போகும், கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் "60 நிமிடம்" காற்றில் சுற்றவிட்ட நேரம், அல்லது மெதுவான வேகத்தில் வைத்த நேரம்.

35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் மிஷின் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் குடிக்கும். காலை ஆறிலிருந்து பத்து வரை வெட்டினால் இரண்டிலிருந்து மூன்று லிட்டர். அதற்கு ஈடான பேட்டரி இருபதுக்கு மேல். ஆயிரம் வாட் அவரைத் தாண்டிய, முதுகில் சுமக்கும் பேட்டரிகளும் விற்கின்றன. அது ஒன்றின் விலையில் நல்ல பெட்ரோல் மிஷினே வாங்கிவிடலாம். ஆகவே ஒரே நாளில் தோப்பு முழுக்க வெட்டி முடிக்க வேண்டும் என்பவருக்கு இன்றைய பேட்டரி ஒத்துவராது. தினம் முக்கால் மணி நேரம் என்று பிரித்து வெட்டக்கூடியவருக்கு நன்றாகவே ஒத்துவரும்.

வோல்ட் எண்ணில் ஒரு ஏமாற்று இருக்கிறது. "48", "98" என்று பெரிய எண் ஒட்டி, பக்கத்தில் "விஎஃப்" போன்ற எழுத்தைச் சேர்த்து விற்கும் மலிவு மிஷின்களின் பேட்டரியைத் திறந்தால் பெரும்பாலும் ஐந்தே செல்தான் இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. ஒன்றரை, இரண்டு ஏஎச் செல் போட்டிருந்தால் மொத்தம் 27 முதல் 36 வாட் அவர். வாசல் ஓரப் புல்லுக்கே பத்து நிமிடம் வராது. கடையில் இதைப் பிடிக்கக் கையே போதும். உண்மையான 180 வாட் அவர் பேட்டரிக்குள் சாதாரணமாக இருபது செல் இருக்கும். செல்லே ஒரு கிலோவை ஒட்டி எடை. கையில் தூக்கினால் அரைக் கிலோகூட இல்லாத பேட்டரியில் எந்த எண் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். வாட் அவர் எண் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயருள்ள நிறுவனங்கள் அதைப் பேட்டரி மேலேயே போடுகின்றன. "20 வோல்ட் மேக்ஸ்" என்பது 18 வோல்ட், "40 மேக்ஸ்" என்பது 36 வோல்ட். இது பொய்யில்லை, முழு சார்ஜில் அளந்த எண். கணக்குப் போடும்போது மட்டும் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் 2021இல் இயற்றிய சட்டத்தின் வழியாக, 2024 மாடல் ஆண்டு முதல் இந்த வகைச் சின்ன எஞ்சின்களுக்குப் புகையே இல்லாத தரம் விதித்தார்கள். பேட்டரி மிஷின் அங்கே பரவ அதுவும் ஒரு காரணம். அங்கே பெரும்பாலும் வெட்டுவது வாரம் ஒருமுறை சீவப்படும் மென்புல்லின் ஓரத்தை. மூன்று மாதம் விட்ட தென்னந்தோப்புக் களையை அந்த மதிப்புரைகள் எதுவும் சோதிக்கவில்லை.

பெட்ரோல் என்றால் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை, தனி ஆயில் தொட்டி இல்லை, பாகம் குறைவு, அதே எடைக்கு இழுவை அதிகம். ஆனால் உள்ளே போகும் பெட்ரோலில் கால் பங்குவரை எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். குடிப்பும் புகையும் அதனால்தான். 52 சிசி மிஷின் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் கேட்கும்.

டப்பாவில் எழுதிய எச்பியை வைத்து ஒப்பிடாதீர்கள். 35.8 சிசி ஹோண்டா ஜிஎக்ஸ்35 எஞ்சினுக்கு நிறுவனமே சொல்லும் சக்தி 1 கிலோவாட், 1.3 எச்பி. தோப்புக் களைக்கு அந்த 1.3 எச்பி தாராளம். இருமடங்கு சிசி இல்லாத மிஷினில் 4 எச்பி, 5 எச்பி என்று போட்டிருந்தால் அது ஸ்டிக்கரின் சக்தி.

டூ ஸ்ட்ரோக்கின் உயிர் ஆயில் கலவையில் இருக்கிறது. ஜாஸோ எஃப்டி என்ற தரமுள்ள 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் போட்டு, கையேடும் 50க்கு 1 என்று சொன்னால், லிட்டருக்கு 20 எம்எல். கையேடு 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 எம்எல். குறைந்தால் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது இறுகிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக் கறுத்து அணையும், சைலன்சர் வாயில் கரி அடைக்கும், சூடானதும் மிஷின் இழுக்காது. கலவையைத் தனிக் கேனில் குலுக்கிக் கலந்துதான் ஊற்ற வேண்டும். டேங்கில் பெட்ரோலை ஊற்றி மேலே ஆயிலை விட்டால் அது கலக்காமல் கீழே போய் முதலில் கார்புரேட்டரை நிறைக்கும். வேலைக்கு வந்தவர் அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டால் சில நிமிடங்களில் எஞ்சின் போய்விடும். பல கைகள் மாறி ஓடும் தோப்பில் டூ ஸ்ட்ரோக் வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் தனி, ஆயில் தனி. 35.8 சிசி எஞ்சினுக்கு 10டபிள்யூ-30 ஆயில் 100 எம்எல் பிடிக்கும். புது மிஷின் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். ஊற்றாமல் இழுத்து ஸ்டார்ட் செய்து முதல் நாளே சீஸ் ஆன மிஷின்கள் மெக்கானிக் கடைகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. 100 எம்எல் என்பது அரை டம்ளர். அதில் 30 எம்எல் குறைந்தாலே ஆபத்து, ஆகவே ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். முதல் ஆயிலை 10 மணி நேரத்தில் மாற்றி, பிறகு 50 மணிக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மேலே நிரம்ப ஊற்றினால் வெள்ளைப் புகை வரும். ஹோண்டா எஞ்சினை எப்படிச் சாய்த்தும் வைக்கலாம். மலிவு நகல்களைத் தவறான பக்கம் படுக்கவைத்தால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கிவிடும்.

எடையில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் 7 முதல் 9 கிலோவுக்குள் வரும். ஓட்டிப் பார்த்தால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் கை மரத்துப்போவது குறைவு, குடிப்பு குறைவு. ஊர் பைக் மெக்கானிக்குக்கும் அது பழகிய அமைப்பு. சீமைக்கருவேல் கன்றுகளைத் தொடர்ந்து அறுப்பது போன்ற முரட்டு வேலைக்கு மட்டும் நல்ல நிறுவனத்தின் 40 சிசிக்கு மேற்பட்ட டூ ஸ்ட்ரோக்கை எடுக்கலாம்.

சும்மா கிடக்கும்போது நடப்பது

இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல பிரஷ் கட்டர் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். போதிய ஈரம் சேர்ந்ததும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பதும் அந்த அடியில்தான். டூ ஸ்ட்ரோக்கில் 2டி ஆயில் மேலே மிதக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும், எஞ்சினுக்கு ஆயில் இல்லாத கலவை போகும். "போன தடவை நல்லா ஓடிச்சு, இப்போ எடுத்ததும் சீஸ் ஆயிடுச்சு" என்கிற பேச்சுக்குப் பின்னால் பலமுறை இருப்பது இதுதான். எத்தனால் ரப்பரையும் தின்னும். கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகடு விறைத்துப்போகும், பெட்ரோல் டியூப் வெடிக்கும், பெட்ரோலை இழுக்க விரலால் அழுத்தும் பிரைமர் குமிழ் பிசுபிசுக்கும்.

அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் மிஷினைத் தொடப்போவதில்லை என்றால், டேங்கில் மிச்சமுள்ளதைக் கேனில் ஊற்றிவிடுங்கள். பிரைமரை அழுத்தி அழுத்திக் குமிழ் காலியாகும்வரை விடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். மொத்தம் ஐந்து நிமிடம். கேனில் உள்ள கலவையை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கலப்பது நல்லது.

இந்த ஐந்து நிமிடத்தை ஒவ்வொரு முறையும் செய்யும் பழக்கம் உங்களுக்கோ, உங்கள் தோப்பைப் பார்ப்பவருக்கோ இருக்கிறதா என்று நேர்மையாக யோசியுங்கள். இல்லையென்றால் பெட்ரோல் மிஷினோடு வருடம் ஒரு கார்புரேட்டர் வேலையையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கார்புரேட்டர் ஸ்க்ரூவில் கை வைப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. பிளக்கைத் துடைத்து உலர்த்தி, சோக்கைத் திறந்துவைத்து, பிளக் இல்லாமலே ஐந்தாறு முறை இழுத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: டேங்க் ஃபில்டர், டியூப் வெடிப்பு, பிரைமர் என்ற வரிசையில் பாருங்கள். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மிமீ. ஸ்டார்ட் ஆகி, ஐந்து நிமிடம் ஓடி அணைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது, பிளேடு சுற்றினால் ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைக்க வேண்டும், குறைத்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் போய்விட்டது. அந்த மிஷினை அப்படியே ஓட்டுவது காலை இழக்கும் வழி.

பேட்டரிக்கும் சும்மா கிடக்கும் நாளுக்கான விதி உண்டு, ஆனால் எளிது. முழுக்கத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விடக் கூடாது, நிறைத்தும் விடக் கூடாது. பாதி சார்ஜில் வைக்க வேண்டும். தகரக் கூரை மோட்டார் ரூமில், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது. வெட்டி முடித்த கையோடு சுடச்சுடச் சார்ஜரில் செருகினால் பல சார்ஜர்கள் ஏற்றாமல் காத்திருக்கும். பழுதில்லை, 40 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றுவது கெடுதல் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். நிழலில் அரை மணி ஆறவிட்டால் ஏறும். தோப்பில் வைத்தே சார்ஜ் போடலாம் என்று நம்பியிருந்தால் அங்கே சிங்கிள் ஃபேஸ் லைன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிளேடும் வயரும்

எஞ்சினா மோட்டாரா என்பதைவிட முனையில் என்ன மாட்டுகிறோம் என்பது வேலையை அதிகம் மாற்றும். பச்சைத் தண்டு பென்சில் தடிமன்வரை நைலான் வயர் போதும். விரல் தடிமன் தண்டுக்கு 255 மிமீ மூன்று பல் பிளேடு. கட்டையாகிப்போன செடிக்கு 80 பல் வட்ட ரம்பம். பெட்ரோல் மிஷின் மூன்றையும் ஏற்கும், வயர் 2.4 முதல் 3 மிமீ வரை போடலாம். பேட்டரி மிஷின்களில் பல வயர் மட்டுமே ஏற்கும், அதுவும் 1.6 அல்லது 2 மிமீ. பார்த்தீனியம் முற்றிய இடத்தில் அந்த வயர் நிமிடத்துக்கு ஒருமுறை அறும். பேட்டரி வாங்குகிறீர்கள் என்றால் உலோக பிளேடு மாட்ட நிறுவனமே அனுமதிக்கும் மாடலா என்று கேளுங்கள். மாட்ட முடிகிறது என்பது வேறு, அனுமதிக்கிறார்கள் என்பது வேறு.

வயர் தலையை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது நம்மூரில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கார்டில்தான் வயரை அளவாக நறுக்கும் சின்னக் கத்தி இருக்கிறது. அது இல்லையென்றால் வயர் நீளும். நீளம் கொஞ்சம் கூடினாலும் சுமை மடங்கு மடங்காக ஏறும். பேட்டரி மிஷின் சூடாகி அணையும், பெட்ரோல் மிஷினில் கிளட்ச் வழுக்கிக் கருகும். "சீக்கிரம் சூடாகுது" என்று திட்டு வாங்கும் மிஷின்களில் கார்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயர் அடிக்கடி அறுந்தால், ஓட்டுவதற்கு முன் ஒருநாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். வெயிலில் காய்ந்த நைலான் முறியும், ஈரம் ஏறியது வளையும்.

பிளேடு நட் இடது மரை. வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீளக் குழாய் போட்டு இறுக்கி மரையை உருவியவர்கள் உண்டு. பெரும்பாலான மிஷின்களில் மேலிருந்து பார்த்தால் பிளேடு இடப்பக்கமாகச் சுற்றும். ஆகவே வலமிருந்து இடமாக வீச வேண்டும், பிளேடின் இடது பாதி களையைத் தொட வேண்டும். கடிகார முகமாக நினைத்தால் 12க்கும் 2க்கும் நடுவே கட்டையில் பட்டால் மிஷின் ஆளை நோக்கி உதைக்கும். கல் தெறிக்கும் தூரத்துக்காகச் சுற்றிலும் 15 மீட்டர் யாரும் நிற்கக் கூடாது. இதில் பேட்டரிக்குச் சலுகை கிடையாது.

தோப்புக்கு இரண்டு எச்சரிக்கை. 16 மிமீ சொட்டுநீர்ப் பக்கக் குழாயை நைலான் வயரும் அறுக்கும். ஓரமெங்கும் குச்சி நட்டு அடையாளம் வைத்து, ஒரு முழம் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கையால் எடுங்கள். சட்டைப்பையில் நாலு ஜாயினர் இருக்கட்டும். மா, எலுமிச்சை, முருங்கைக் கன்றுகளின் அடித்தண்டை வயர் சுற்றிலும் உரித்துவிட்டால் கன்று பட்டுப்போகும். ஓரடி பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து தண்டைச் சுற்றி மாட்டிவிடுங்கள்.

கம்பி போட்டு ஓட்டும் மிஷின்

வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் வரை இதுதான் சிக்கனம், இதுதான் கெடாதது. சார்ஜ் தீராது, பெட்ரோல் நாறாது, ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் ஓடும். 1,400 வாட் மிஷின் 6 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 30 மீட்டர் வரை 1.5 சதுர மிமீ செம்புக் கம்பி போதும், அதற்கு மேல் 2.5 போடுங்கள். 0.75 கம்பியில் 50 மீட்டர் இழுத்தால் பதினைந்து வோல்ட் வழியிலேயே போய்விடும். மாலையில் லைனே 190க்கு இறங்கும் ஊர்களில் மோட்டார் முக்கி முக்கிச் சூடாகும். சக்கரத்தில் சுற்றிய கம்பியை முழுக்க விரித்துவிட வேண்டும். சுற்றியபடியே விட்டால் அங்கேயே சூடேறி உருகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இணைப்பில் மாட்டவே கூடாது. பனி காயாத காலையில், மழை பெய்த புல்லில் வேண்டாம். கம்பியைத் தோளுக்குப் பின்னால் போட்டு, பிளக் இருக்கும் பக்கத்திலிருந்து விலகி விலகிப் போகும்படி வெட்டினால் கம்பியை நாமே வெட்டிக்கொள்ளும் ஆபத்து குறையும்.

யாருக்கு எது?

ஐந்து சென்ட்டுக்கு மேல், கால் ஏக்கர் வரை என்றால் 36 வோல்ட் பேட்டரி மிஷினும் இரண்டு 5 ஏஎச் பேட்டரியும் நல்ல தேர்வு. ஒரு நிபந்தனை உண்டு: மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். கோரை எப்படியும் கிழங்கிலிருந்து திரும்ப வரும். பார்த்தீனியம் பூப்பதற்கு முன் விழ வேண்டும். இளசாக வெட்டும் ஒழுங்கு இருக்கும் இடத்தில் பேட்டரி ஜெயிக்கும். முற்றவிட்டு வெட்டும் இடத்தில் தோற்கும். குழந்தைகள், வயதானவர்கள் உள்ள வீடு, ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள தெரு என்றால் சத்தத்துக்காகவே பேட்டரியை எடுக்கலாம். பெட்ரோல் மிஷின் ஓட்டுபவர் காதில் 95 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் ஓட்டக் கூடாது. ஏற்கெனவே அதே நிறுவனத்தின் டிரில், மருந்து தெளிப்பான் வைத்திருந்து பேட்டரி பொருந்துமானால் பாதிச் செலவு மிச்சம், பேட்டரியும் சார்ஜரும்தான் விலையில் பெரும் பங்கு.

அரை ஏக்கர் முதல் மூன்று ஏக்கர் தோப்புக்கு 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். ஒருவர் முழு நாள் ஓட்டினால் களையின் அடர்த்தியைப் பொறுத்து அரை ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கர் வரை முடிப்பார். தட்டையான தோப்புக்குத் தோளில் தொங்கும் வகை போதும். வரப்பு, வாய்க்கால் கரை, சரிவு என்றால் முதுகில் சுமக்கும் வகை உடம்புக்கு எளிது. 25 அடிக்கு ஒரு மரம் என்ற கணக்கில் ஏக்கருக்கு எழுபது தென்னை, ஒவ்வொன்றுக்கும் ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி. வெட்டிய களையை விதை பிடிக்கும் முன்பே அந்தப் பாத்திகளில் மூடாக்காகப் போட்டால் மண் காயாது, மேல்வேர்களும் கலப்பையில் அறுபடாது. இதற்காகவே உழவைவிடப் பிரஷ் கட்டரை நாங்கள் விரும்புகிறோம். பாத்திக்குள் இருப்பதை வயர் தலையால், நடுவெளியை பிளேடால் என்று பிரித்து வெட்டுங்கள்.

வருடத்துக்கு இரண்டே முறை வெட்டுகிறவர் எதையும் வாங்க வேண்டாம். மிஷினோடு வருகிற ஆளுக்கு மணிக்கூலி கொடுப்பது, சும்மா கிடந்து கெடும் எஞ்சினைவிட மலிவு.

வாங்க முடிவு செய்தால் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள், உழவன் செயலியையும் பாருங்கள். அந்த ஆண்டின் மானியப் பட்டியலில் புதர் அகற்றும் கருவி இருந்தால், அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். முன்கூட்டியே வாங்கிய பில்லுக்கு மானியம் எதிர்பார்க்க முடியாது.

கடையில் பெட்ரோல் மிஷினை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஐட்லிங்கில் பிளேடு நிற்க வேண்டும். பெல்ட்டை மாட்டிக் கையை விட்டுப் பாருங்கள், முனை தரையை லேசாகத் தொட்டு நிற்க வேண்டும்; எஞ்சின் பக்கம் சாய்ந்தால் கொக்கியை நகர்த்திச் சமன் செய்யுங்கள். கியர் ஹெட்டுக்கு கிரீஸ் போடும் ஸ்க்ரூ எங்கே என்று கேளுங்கள். 25 மணிக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். கார்புரேட்டர் டயாப்ரம் கிட், ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் மூன்றும் அதே கடையில் இருப்பு உண்டா என்று கேட்டு, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி மிஷின் என்றால் பேட்டரி மட்டும் தனியாக என்ன விலை, வாரண்டி எத்தனை மாதம், மிஷினுக்கும் பேட்டரிக்கும் ஒரே வாரண்டியா என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.